ஆம்பூர் எந்திரங்களுக்குக் கண் வந்துவிட்டது!

தோல் தொழிலில் புகுந்துள்ள புதுமை – ஐந்து உறுப்புகள் என்ன? – கைக்கும் வேலைக்கும் என்ன ஆகும்?

ஆம்பூரில் பொழுது விடிகிறது. கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. சுற்றுக் கிராமங்களில் இருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். தோளில் பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா.

எங்கே போகிறார்கள்? ஷூ தைக்கப் போகிறார்கள். இவர்கள் தைக்கும் ஷூவை ஜெர்மனிக்காரர் போடுகிறார். இங்கிலாந்துக்காரர் போடுகிறார். அமெரிக்கரும் போடுகிறார்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. பிறகு வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டம் மூன்று ஆனாலும் தொழில் ஒன்றுதான். அது தோல் தொழில்!

இந்தத் தொழிலில் இப்போது ஒரு பெரிய மாறுதல் நடந்து வருகிறது. பழைய எந்திரங்கள் போகின்றன. புதிய எந்திரங்கள் வருகின்றன. புதிய எந்திரம் தானே ஓடுகிறது. தானே நிற்கிறது. தானே அளக்கிறது.

இது எப்படி நடக்கிறது? இதனால் தொழிலாளிக்கு லாபமா, நட்டமா? இதைத் தெரிந்துகொள்ள என்ஜினீயர் பட்டம் வேண்டியது இல்லை. தையல் எந்திரத்தைப் பார்த்தவர் யாராயினும் புரிந்துகொள்ளலாம்.

தையல் மேஜைக்கு அடியில்

பழைய கம்பெனித் தையல் எந்திரத்தின் மேஜைக்கு அடியில் ஒரு மோட்டார் இருக்கும். சுவிட்சைப் போட்டால் "உம்" என்று சுற்றத் தொடங்கும். தைத்தாலும் சுற்றும். தைக்காவிட்டாலும் சுற்றும். காலால் மிதித்தால் "கிளட்ச்" பிடித்துக்கொள்ளும். உடனே ஊசி ஓடும். காலை எடுத்தால் ஊசி நிற்கும். ஆனால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால், சக்கரத்தைக் கையால் திருப்பித்தான் ஊசியை மேலே தூக்க வேண்டும்.

புதிய எந்திரத்தில் இருப்பது "சர்வோ மோட்டார்". மிதித்தால்தான் சுற்றும். காலை எடுத்தால் உடனே நிற்கும். அதனால் மின்சாரம் மிச்சம். இன்னொரு வசதியும் உண்டு. ஊசி மேலே நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்தால், எப்போதும் மேலேயே நிற்கும். மூலை திரும்பும்போது ஊசி தோலுக்குள் குத்தியபடி நிற்க வேண்டும் என்றால், அப்படியும் நிற்கும்.

இது ஏன் முக்கியம்? துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி போட்ட ஓட்டை மறையாது. ஒரு தையல் தப்பினால் அந்தத் துண்டே வீண். அதனால்தான் தோல் வேலைக்கு, சொன்ன இடத்தில் நிற்கும் எந்திரம் தேவைப்படுகிறது.

சொன்ன வேகத்தில் ஓடுவது, சொன்ன இடத்தில் நிற்பது, சொன்ன தூரம் நகர்வது – இந்த மூன்றையும் சேர்த்து "இயக்கக் கட்டுப்பாடு" என்கிறார்கள்.

தேர் ஓடுவதைப் பாருங்கள்

நமது ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேருக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். துணியை வீசி, "இழு", "நிறுத்து" என்று சைகை காட்டுகிறார். வடத்தின் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். "மெதுவாக! இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்!" என்று பலத்தை அளந்து விடுகிறார். நூற்றுக்கணக்கானவர்கள் இழுக்கிறார்கள். அவர்களுடைய பலத்தை வடமும் சக்கரமும் தேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சக்கரத்தின் அருகில் ஒருவர் குனிந்து பார்க்கிறார். "இடது பக்கம் சாய்கிறது! இன்னும் ஒரு முழம்!" என்று கூவுகிறார். இன்னொருவர் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துகிறார்.

ஷூ கம்பெனியின் எந்திரத்துக்குள்ளும் இதே கூட்டம்தான் இருக்கிறது! ஆட்கள் இல்லை, அவ்வளவுதான்.

1. மூளை

முதல் உறுப்பு, கட்டளை இடும் பெட்டி. அதற்குள் சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. பெரிய எந்திரங்களில் "பி.எல்.சி." என்று ஒரு பெட்டி இருக்கும். எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகம், எப்போது நிற்க வேண்டும் என்று அது சொல்லும்.

எந்திரத்துக்கு இப்படி எழுத்து மூலம் கட்டளை கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1952-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில் இதைச் செய்து காட்டினார்கள். காகித நாடாவில் ஓட்டை குத்தி வைத்தார்கள். அந்த ஓட்டைகளைப் படித்துக்கொண்டே இரும்பை வெட்டும் எந்திரம் ஓடியது.

2. பலத்தை அளந்து விடுபவன்

இரண்டாவது உறுப்பின் பெயர் "டிரைவ்". மூளை இடும் கட்டளை மிக மெல்லிய மின்சாரம். அது மோட்டாரைச் சுற்றாது. கட்டளையைக் கேட்டு, தேவையான மின்சாரத்தை மட்டும் அளந்து மோட்டாருக்கு அனுப்புவது டிரைவின் வேலை.

நமது மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவது இல்லை. வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. சாதாரண மோட்டாரின் வேகம் இந்த எண்ணைப் பொறுத்தது. 50 என்பதை 25 ஆக டிரைவ் குறைத்தால், மோட்டாரின் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

தோல் ஷாப்பில் பெரிய மர டிரம்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தோல், தண்ணீர், சுண்ணாம்பு, மருந்து. டன் கணக்கில் எடை! பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறும்போது நிமிடத்துக்கு 2 முதல் 4 சுற்றுப் போதும். வேகமாகச் சுற்றினால் தோல் உரசிக் கெட்டுவிடும். பதனிடும்போது 8 முதல் 12 சுற்று வரை வேண்டும். ஒரே டிரம்மில் இந்த இரண்டு வேகத்தையும் டிரைவ் கொடுக்கிறது. எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல மெல்ல வேகம் ஏற்றுகிறது. பெல்ட்டும் கியரும் நீண்ட நாள் உழைக்கின்றன.

3. தசை

மூன்றாவது உறுப்பு மோட்டார். இதற்குத்தான் பலம். சாதாரண மோட்டார், டிரம் சுற்றவும் தண்ணீர் இறைக்கவும் போதும். சொன்ன இடத்தில் நிற்க வேண்டிய வேலைக்குச் சர்வோ மோட்டார். "சர்வோ" என்ற சொல், "ஊழியன்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. சொன்னதைச் செய்யும் ஊழியன்.

4. கை, கால்

மோட்டாருக்குச் சுற்ற மட்டுமே தெரியும். ஆனால் கத்தி நேராகப் போக வேண்டும். ஊசி மேலும் கீழும் போக வேண்டும். சுற்றுவதை வேண்டிய அசைவாக மாற்றுவது பெல்ட், கியர், திருகு ஆகியவற்றின் வேலை.

சாதாரண பெல்ட் வழுக்கும். ஆகவே அளவு தவறக் கூடாத இடத்தில் பல் வைத்த பெல்ட்டைப் போடுகிறார்கள். கியரின் பல் தேய்ந்தால் இடைவெளி விழும். மோட்டார் கொஞ்சம் திரும்பிய பிறகுதான் கத்தி நகரத் தொடங்கும். இதை மெக்கானிக்குகள் "பிளே" என்பார்கள்.

5. கண்

இதுதான் கதாநாயகன்! இதன் பெயர் "என்கோடர்".

மோட்டாரின் அச்சில் ஒரு சிறிய தட்டு இருக்கும். அதைச் சுற்றிலும் மெல்லிய கீற்றுகள். ஒரு பக்கம் விளக்கு. மறு பக்கம் வெளிச்சத்தை உணரும் கருவி. தட்டு சுற்றும்போது வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். எத்தனை தடவை தெரிந்தது என்று எண்ணினால், மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். தட்டில் 1,000 கீற்றுகள் இருக்கின்றன. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கத்தி 10 மில்லிமீட்டர் நகர்கிறது. அப்படியானால் ஒரு கீற்றுக்கு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அவ்வளவு நுட்பமாக எந்திரம் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது.

கண் ஏன் வேண்டும்?

குழாய்க்கு அடியில் குடத்தை வைக்கிறோம். "ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறோம். அன்றைக்குத் தண்ணீர் வேகமாக வந்தால் வழிந்து ஓடும். மெதுவாக வந்தால் அரைக் குடம்தான் இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்து மூடினால் தவறே வராது.

கண் இல்லாத எந்திரம், கணக்குப் போட்டுவிட்டு உள்ளே போனவரைப் போன்றது. கண் உள்ள எந்திரம், பக்கத்தில் நின்று பார்ப்பவரைப் போன்றது. "10 மில்லிமீட்டர் போ" என்று மூளை சொல்கிறது. "9 தான் வந்திருக்கிறேன்" என்று கண் சொல்கிறது. "இன்னும் ஒன்று" என்று மூளை சொல்கிறது. இந்தப் பேச்சு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது.

முதல் கண்ணை வைத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வாட். 1788-ஆம் ஆண்டில் அவர் தமது நீராவி எந்திரத்தில் இரண்டு குண்டுகளைச் சுற்ற விட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலே எழும்பும். உடனே நீராவி குறையும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும். நீராவி கூடும். இன்றைய என்கோடருக்கு இது பெரிய தாத்தா!

தோலுக்கு இரண்டு கண் வேண்டும்

துணி, ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஒரே மாதிரி இருக்கும். தோல் அப்படி இல்லை. ஒரு தோலைப் போல் இன்னொரு தோல் இராது. முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும். முள் கிழித்த கோடு இருக்கும். உண்ணி கடித்த புள்ளி இருக்கும்.

அதனால் தோல் எந்திரத்துக்குத் தன்னைப் பார்க்கும் கண் போதாது. தோலைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

சாயம் தெளிக்கும் எந்திரத்தைப் பாருங்கள். தோல் நகர்ந்து வருகிறது. வாயிலில் இருக்கும் கண்கள் தோலின் உருவத்தைக் குறித்துக்கொள்கின்றன. தோல் எவ்வளவு நகர்ந்தது என்பதை என்கோடர் எண்ணுகிறது. தோல் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் தெளிக்கப்படுகிறது. வெற்றிடத்தில் தெளிப்பது இல்லை. சாயம் மிச்சம். சாக்கடைக்குப் போகும் நஞ்சும் குறைவு.

தோலை அளக்கும் எந்திரமும் இப்படித்தான் வேலை செய்கிறது. தோல் சதுர அடிக் கணக்கில் விற்பனை ஆகிறது. அளவு தவறினால், விற்பவருக்கு நட்டம். அல்லது வாங்குபவருக்கு நட்டம். அங்கே கண்தான் நீதிபதி.

தோலை வெட்டும் மேஜையில் இன்னும் வேடிக்கை. மேஜையில் நிறைய ஓட்டைகள். கீழே இருந்து காற்றை உறிஞ்சுவதால் தோல் அசையாமல் படுத்திருக்கிறது. கத்தி ஒரு மோட்டாரால் நீளத்திலும், இன்னொரு மோட்டாரால் அகலத்திலும் நகர்கிறது. இரண்டும் சேர்ந்தால் எந்த வளைவையும் வெட்டலாம். ஆனால், "இங்கே கீறல் இருக்கிறது, இந்த இடத்தை விட்டுவிடு" என்று குறித்துக் கொடுப்பது யார்? பெரும்பாலும் தோல் பார்த்துப் பழகிய தொழிலாளிதான். கேமரா வந்த பிறகும் அனுபவசாலியின் கண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே வருவோம்.

கை தப்புமா?

எந்திரம் என்றால் முதல் பயம் கையைப் பற்றியது.

தோலில் ஒட்டியுள்ள சவ்வை எடுக்கும் எந்திரத்தில், கத்தி பதித்த உருளை வேகமாகச் சுற்றும். வழுக்கும் ஈரத் தோலைக் கையால் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் தவறினால் விரல் போய்விடும். தோலை அச்சால் வெட்டும் எந்திரத்திலும் இதே ஆபத்து.

இதற்கும் கண் உதவுகிறது. வெட்டும் எந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் வைக்கிறார்கள். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் எந்திரம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது, கத்திக்கு அடியில் கை எப்படி இருக்கும்? சில எந்திரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை உண்டு. கை குறுக்கே போனால் எந்திரம் நின்றுவிடும். அபாயப் பொத்தான் சிவப்பு நிறத்தில், எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஓடும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஓடும் எந்திரத்தில் ஆபத்து நேரும்படி பெண்களை எண்ணெய் போடச் சொல்லவோ, துடைக்கச் சொல்லவோ கூடாது என்றும் சொன்னது.

ஆனால் நடப்பது என்ன? ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அவசர ஆர்டர். இரண்டு பொத்தான் அழுத்தினால் நேரம் ஆகிறது. ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வேலை வேகமாக நடக்கிறது. எந்திரத்துக்குக் கொடுத்த கண்ணை, மனிதனே கட்டிவிட்டான்! பிறகு விபத்து நடந்தால், "எந்திரம் கையை வெட்டிவிட்டது" என்கிறோம். வெட்டியது எந்திரமா, டேப்பா?

இன்னும் ஓர் ஆபத்து பலருக்குத் தெரியாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நினைக்கிறோம். டிரைவ் பெட்டிக்குள் மின்சாரம் சில நிமிடங்கள் தேங்கி நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதி இருக்கும். பெரும்பாலும் அது இங்கிலீஷில்தான் இருக்கும். அதைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினால், ஓர் உயிர் பிழைக்கும்.

பாலாறு சொன்ன செய்தி

கண் எங்கே இருக்கிறதோ, அதுவரைதான் தெரியும். மோட்டாரில் கண் இருந்தால், மோட்டார் சரியாகச் சுற்றியது என்று மட்டும் சொல்லும். அதற்கு அப்பால் கியர் தேய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரி என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். வெட்டிய துண்டோ கோணலாக இருக்கும்.

இந்த வட்டாரத்துத் தோல் தொழிலும் நெடுங்காலம் அப்படித்தான் ஓடியது. எத்தனை தோல் ஏற்றுமதி ஆயிற்று என்று பார்க்கக் கண் இருந்தது. கழிவுத் தண்ணீர் பாலாற்றில் என்ன செய்தது என்று பார்க்கக் கண் இல்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டது. நிலம் கெட்டது. மக்கள் கூவினார்கள். மூளை அதைக் கேட்கவில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. "கெடுத்தவரே பணம் கட்ட வேண்டும்" என்ற கொள்கை நமது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கோர்ட்டு கூறியது. தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது.

அதோடு முடியவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் சேற்றில் சிக்கினார்கள். 10 பேர் இறந்தார்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு அளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நட்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது.

தண்ணீர் எவ்வளவு ஓடியது, தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று அளக்கும் கண்கள் இன்று கிடைக்கின்றன. ஊசி நிற்கும் இடத்தைத் தலைமுடி அளவுக்குப் பார்க்கத் தெரிந்த தொழில், கழிவுத் தொட்டியின் மட்டத்தையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் அல்லவா?

வேலை போய்விடுமா?

"எந்திரம் வந்தால் ஆள் எதற்கு?" – இது வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. பழைய கதை ஒன்று இதற்குப் பாடம் சொல்கிறது.

தென் அமெரிக்காவில் சூரினாம் என்று ஒரு நாடு. அங்கே பிறந்தவர் ஜான் மாட்செலிகர். பிழைப்புத் தேடி அமெரிக்காவில் லின் என்ற ஊருக்கு வந்தார். அது அந்த நாட்டின் ஆம்பூர்! ஊர் முழுதும் ஷூ தொழில்.

ஷூவின் மேல்பாகத்தை அச்சில் இழுத்து, மடித்து, அடிப்பாகத்தோடு சேர்ப்பது மிகக் கடினமான வேலை. கைதேர்ந்த தொழிலாளிகள் மட்டுமே அதைச் செய்தார்கள். ஒருவர் நாளைக்கு 50 ஜோடி செய்வார். "இந்த வேலையை எந்திரம் செய்யவே முடியாது" என்றார்கள். மாட்செலிகர் பல ஆண்டு பாடுபட்டு எந்திரம் செய்தார். 1883-ஆம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகை எந்திரம் நாளைக்கு 700 ஜோடி வரை செய்தது!

விளைவு என்ன? ஷூ விலை குறைந்தது. சாமானிய மக்களும் வாங்கினார்கள். ஆனால் கைதேர்ந்த தொழிலாளியின் பழைய இடம் போயிற்று. எந்திரத்தைக் கண்டுபிடித்தவரும் அதிக நாள் வாழவில்லை. 1889-ஆம் ஆண்டில் காச நோயால் இறந்தார். வயது 36.

இதில் இருந்து தெரிவது என்ன? எந்திரம் வருவதைத் தடுக்க முடியாது. வரும்போது தொழிலாளி அதைத் தெரிந்துகொண்டிருந்தால், புதிய இடம் கிடைக்கும். தெரியாவிட்டால், பழைய இடமும் போகும்.

இன்றைய நிலைமை

இந்த வட்டாரத்தின் மேல் இப்போது இரண்டு பக்கத்தில் இருந்து நெருக்கடி.

ஒன்று, வெளிநாட்டு வரி. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி, இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆம்பூர் கலங்கியது. ஒரு நாட்டுத் தலைவர் போடும் கையெழுத்து, இங்கே ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடுகிறது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. வரி ஏறும், இறங்கும். அது நம் கையில் இல்லை. வீணாகும் தோலைக் குறைப்பது, தவறு இல்லாமல் தைப்பது, சொன்ன நாளில் அனுப்புவது – இவைதான் நம் கையில் இருப்பவை. இவற்றுக்கு நல்ல எந்திரமும், அதை அறிந்த ஆளும் வேண்டும்.

இரண்டாவது, தோல் இல்லாத ஷூ. துணியாலும் ரப்பராலும் செய்யும் விளையாட்டு ஷூவை உலகம் கேட்கிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் காலணித் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், தைவான் நாட்டு "ஹாங் ஃபூ" கம்பெனியின் தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 1,500 கோடி ரூபாய். 25 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள்.

துணி ஒரே மாதிரி இருப்பதால், தானே ஓடும் எந்திரத்துக்கு அது சுலபமான வேலை. ஆகவே அந்தத் தொழிலில் எந்திரம் இன்னும் வேகமாகப் பெருகும். 25 ஆயிரம் பேரில் எத்தனை பேர் எந்திரத்துக்கு முன்னால் உட்காருவார்கள்? எத்தனை பேர் அதன் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்? இதுதான் கேள்வி.

ஏனென்றால், சர்வோ மோட்டாரும் டிரைவும் பெரும்பாலும் ஜப்பான், ஜெர்மனி, தைவான், சீனா நாட்டுக் கம்பெனிகளுடையவை. ஓர் என்கோடரின் வயர் அறுந்தால் எந்திரம் நின்றுவிடும். சில நேரம் ஐந்து நிமிடத்தில் சரி செய்யக்கூடிய பழுதுதான். ஆனால் தெரிந்த ஆள் இல்லாவிட்டால், வெளியூரில் இருந்து ஒருவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். லைன் நிற்கும். ஆர்டர் தாமதம் ஆகும். தைக்கும் பெண்ணுக்கு அன்றைய வேலை போகும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பெற்றோர்களுக்கு. ஐ.டி.ஐ. படிப்பைத் தாழ்வாக நினைக்காதீர்கள். 71 அரசாங்க ஐ.டி.ஐ.களை நவீனமாக மாற்ற, 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. திட்டச் செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். எந்திர மனிதனை இயக்குவது, கம்ப்யூட்டர் மூலம் உலோகம் வெட்டுவது போன்ற பாடங்கள் அதில் சேர்ந்தன. பக்கத்து ஐ.டி.ஐ.யில் என்ன பாடம் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

மகனை மட்டும் அனுப்பினால் போதாது. மகளையும் அனுப்புங்கள். ஷூ கம்பெனியில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் எந்திரம் நின்றால் கூப்பிடுவது ஆண் மெக்கானிக்கை. இது ஏன்? ஊசியின் ஓசையைக் கேட்டே, "ஏதோ சரியில்லை" என்று சொல்லும் பெண்ணுக்கு, மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டியையும் கற்றுக் கொடுத்தால் என்ன?

இரண்டாவது, முதலாளிகளுக்கு. எந்திரம் வாங்கும்போது, பயிற்சிக்கும் சேர்த்து விலை பேசுங்கள். கற்றுக் கொடுக்க வருபவர் மானேஜரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது. எந்திரத்தில் உட்காரப் போகிறவரிடம், தமிழில் பேச வேண்டும். பாதுகாப்புப் பொத்தானை டேப் போட்டு ஒட்டுவதை ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள்.

மூன்றாவது, தோல் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு. தடவிப் பார்த்தே, "இது முதுகு, இது வயிறு, இங்கே இழுபடும்" என்று சொல்கிறீர்களே, அந்த அறிவு எந்தப் பெட்டிக்குள்ளும் தானாக வந்துவிடவில்லை. வெட்டும் மேஜைக்கு முன்னால் உங்களையும், எந்திரம் படித்த இளைஞரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். தோல் தெரிந்தவருக்கு எந்திரமும், எந்திரம் தெரிந்தவருக்குத் தோலும் தெரிந்துவிட்டால், அந்தக் கம்பெனியை யாரும் அசைக்க முடியாது.

மூளை, டிரைவ், மோட்டார், பெல்ட், கண் – இந்த ஐந்தின் பெயரை இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வீட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் இருந்தால், "உங்கள் எந்திரத்தில் இவை எங்கே இருக்கின்றன?" என்று கேளுங்கள். நாளைக் காலை அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். அப்படிப் பார்க்கிறவருடைய கையும் தப்பும், பிழைப்பும் தப்பும்.